432 தென்னங்கன்றுகளும் அப்பா கேட்ட கேள்வியும்

மகள் நாலாம் வகுப்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து பெருக்கல் பயிற்சித்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணக்கைச் சத்தமாகப் படித்தாள்: ஒரு விவசாயி தன் தோப்பில் 24 வரிசைகளில், வரிசைக்கு 18 வீதம் தென்னங்கன்றுகளை நட்டார், மொத்தம் எத்தனை கன்றுகள்?

பக்கத்தில் நாற்காலியில் இருந்த அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "எவ்ளோ அடி உட்டு நட்டானாம்?"

"அது குடுக்கல தாத்தா."

"குடுக்காம எப்படி? எடம் எவ்ளோன்னு தெரிஞ்சாதானே எத்தன நடலாம்னு சொல்ல முடியும்?"

அவள் கொஞ்சம் பொறுமையோடு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்: "தாத்தா, கணக்குல அதெல்லாம் யோசிக்கக் கூடாது. பெருக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடணும்."

432 என்று எழுதினாள். சரியான விடைதான். மார்க்கும் வந்தது. எனக்குத்தான் அந்த வாக்கியம் இறங்கவே இல்லை. 'கணக்குல அதெல்லாம் யோசிக்கக் கூடாது.' ஒன்பது வயதில் இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லவில்லை. நூறு கணக்கு போட்டு அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

இந்த வகைக் கணக்குக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'வாழ்க்கைக் கணக்கு'. பெயர் நல்லாத்தான் இருக்கு. பண்ணையில் நடக்கும் பெருக்கல் கணக்குகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் அந்த விவசாயி யார் என்று பார்ப்போம். தென்னைக்கு வழக்கமாகச் சொல்லும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. அதாவது ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. 432 மரத்துக்கு 2,70,000 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால், இது 6.2 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், சுமார் 1.85 ஏக்கர். ஆக நம்ம புத்தக விவசாயி சராசரி ஆளைவிட மூணு மடங்கு பெரியவர். அத்தனை நிலத்திலும் தென்னை மட்டுமே வைத்திருக்கிறார். ஒரு கன்றுகூட வண்டு விழுந்து சாகவில்லை. கிணறு, களம், மோட்டார் கொட்டகை, வரப்பு எதற்கும் இடம் ஒதுக்கவில்லை. பாரதி பராசக்தியிடமே ஒரு காணிதான் கேட்டார். ஒரு காணிக்குக் கணக்குப்படி 92 தென்னை வரும். அவர் ஒரு டஜனுக்கு மேல் கேட்கவில்லை. நிலத்தில் வேறு என்னென்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது கிண்டலுக்காகச் சொல்வது மட்டும் இல்லை. 'ஏக்கருக்கு 70 தென்னை' என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 43,560-ஐ 625-ஆல் வகுத்தால் 69.7. சரி. இப்போது சதுரமான ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 208 அடி 8 அங்குலம். ஓரத்தில் நாலடி மட்டும் விட்டு நட ஆரம்பித்தால் 25 அடி இடைவெளி எட்டு வரும், அதாவது 9 மரம். 9 × 9 = 81. மட்டை பக்கத்து நிலத்தில் விழக் கூடாது என்று ஓரத்தில் பதினாறு பதினேழு அடி விட்டால் 8 மரம். 8 × 8 = 64. அந்த 70 என்ற எண் நிலத்தில் எங்கேயும் நிற்காது. 81-க்கும் 64-க்கும் நடுவில் இருப்பது வேலி, வரப்பு, பக்கத்து நிலத்துக்காரரோடு உங்களுக்கு இருக்கும் உறவு. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பழகிய தலைவலி. எட்டு இடைவெளிக்கு ஒன்பது கம்பம். இந்த ஒன்றால் பிழை விட்டு நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்த நாட்கள் உண்டு. அப்பா இதைப் படித்ததில்லை. "எவ்ளோ அடி உட்டு?" என்ற கேள்வியிலேயே அது அவரிடம் இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெருக்கலைப் புரியவைக்க வரிசை வரிசையாக நட்ட மரத்தைவிட நல்ல படம் கிடையாது. 24 வரிசையில் 18 என்பதை, நிலத்தைச் சுற்றிப் போய் அடுத்த பக்கம் நின்று பார்த்தால் 18 வரிசையில் 24. அ × ஆ = ஆ × அ என்பதை இதைவிட எப்படிச் சொல்ல? தோப்பைக் கணக்குக்குள் கொண்டுவந்ததில் தப்பே இல்லை. கொண்டுவந்த கையோடு தோப்பிலிருந்து தோப்பை எடுத்துவிட்டதுதான் என் புகார்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பிரான்சில் ஒரு கூட்டம் சோதித்துப் பார்த்தது. கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியப் பயிற்சி ஆய்வு நிறுவனம், 1980-ஐ ஒட்டி. கேள்வி இதுதான்: ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவனுக்கு என்ன வயது? 97 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஒரு வயதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். 26-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 36. தலைவனுக்குப் பொருத்தமான வயசுதானே! பிள்ளைகள் முட்டாள்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேள்வி என்று வந்தால் அதில் இருக்கும் எண்ணையெல்லாம் பயன்படுத்த வேண்டும், இல்லாததைக் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தோடு எழுதாத ஒப்பந்தம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். என் மகளும் அதே ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியம். 1985-இல் வெளிவந்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய், பழம் விற்ற ஐந்து பிள்ளைகள், வயது 9 முதல் 15. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய் நின்று விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98.2 சரியான பதில். பிறகு அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 36.8. ஒரு பையன் 35 காசுத் தேங்காய் பத்துக்கு விலை சொன்ன விதம் புகழ்பெற்றது. மூணுக்கு 105, இன்னொரு மூணு சேர்த்தால் 210, இன்னும் நாலு வேணும் என்று ஏறி ஏறி 350-க்கு வந்து சேர்ந்தான். பத்தால் பெருக்க ஒரு சைபர் போட்டால் போதும் என்பது அவனுக்குத் தேவைப்படவில்லை. கணக்கு ஞானம் அவனிடம் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

2025-இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து இதே மாதிரி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனசிலேயே போட்டார்கள், பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் நேர் தலைகீழ். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பாலம் இல்லை.

ஆனால் ரெசிஃபே ஆய்வில் பலர் சொல்லாமல் விடும் மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதே பிள்ளைகளுக்குக் கதையோடு சேர்த்து வார்த்தைக் கணக்காகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்ணுக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு. ஆகவே 'பண்ணைக் கதையெல்லாம் வேஸ்ட், நேரா வாய்பாடு சொல்லிக் கொடு' என்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். கதை வேலை செய்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த கதையாக இருந்தால்.

இங்கே ஒரு சுற்று பின்னால் போக வேண்டும். நம்ம ஊரில் நிலத்துக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது எண்சுவடி. அதில் ஒவ்வொரு வாய்பாடும் முடிந்ததும் விடைகளின் கூட்டுத்தொகையையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு விடை தப்பினால் கடைசித் தொகை காட்டிக் கொடுத்துவிடும். (எங்கள் தொழிலில் கோப்பு சேதமாகாமல் வந்ததா என்று பார்க்க இதையேதான் செய்கிறோம். பனையோலைக் காலத்திலேயே இது இருந்தது என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.) எண்சுவடியின் ஒரு பகுதிக்குக் 'குழிமாற்று' என்று பெயர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாடு. முழு எண்ணுக்குப் பெருங்குழி, பின்னத்துக்குச் சிறுகுழி. குழி என்பது நில அளவு. அதாவது, 'வர்க்கம்' என்று இன்று நாம் சொல்வதற்கு நிலத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். தனியாக 'வாழ்க்கைக் கணக்கு' என்று ஓர் அத்தியாயம் வேண்டியிருக்கவில்லை.

அளவைகளும் அப்படித்தான். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பின்னத்திலும் மா என்றால் இருபதில் ஒன்று. நிலத்தின் பெயரும் பின்னத்தின் பெயரும் ஒன்றே. நெல்லுக்கு வந்தால் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். எட்டு, இரண்டு, இரண்டு, மூன்று. பத்தின் மடங்கு ஒன்றுகூட இல்லை. ஒரு கலத்துக்கு 96 நாழி. பாதி, கால், அரைக்கால், மூணில் ஒன்று என்று எப்படிப் பிரித்தாலும் மீதி விழாமல் பிரியும். களத்துமேட்டில் பங்கு பிரிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் இந்த மரபில் பிரபலமான நூல். நிலம், பொன், நெல், அரிசி என்று வழி பிரித்து வெண்பாக்களில் கணக்குச் சொல்கிறது. வட்டமான நிலத்துக்குச் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்லும். அது சரியான சூத்திரமே. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் பலாப்பழக் கணக்கும் இந்த நூலில் உள்ளதுதான். காம்பைச் சுற்றி இருக்கும் சின்ன முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளையின் எண்ணிக்கை. 'முன்னோர்கள் எவ்வளவு பெரிய அறிவாளிகள்' என்ற வரியோடு வரும்.

நான் பழம் வாங்கி எண்ணிப் பார்த்தேன். மூணு பழம். ஒன்றிலும் ஒத்து வரவில்லை. முதல் சிக்கல், 'காம்பைச் சுற்றி' என்பது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஒரு சுற்று கூடுதலாக எண்ணினால் விடை எகிறிவிடும். ஆனால் இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பலாப்பழம் ஒரே பூவின் காய் கிடையாது, நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் சேர்ந்து ஆன கூட்டுக்கனி. தோலில் ஒரு முள் என்பது உள்ளே ஒரு பூ. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது சடையாகப் போகும். முள்ளுக்கும் சுளைக்கும் உறவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விகிதத்தை முடிவு செய்வது மகரந்தச் சேர்க்கை. அது மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆறு பை ஐந்து என்று கட்டிப்போட முடியாது. கணக்கதிகாரத்தை எழுதியவர் பழத்தைப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சூத்திரம் தப்பானாலும் பரவாயில்லை, பிள்ளை பழத்தை வெட்டிச் சரிபார்க்க முடியும். 432 தென்னங்கன்றை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

பழைய பெருமையிலேயே நிற்கவும் மனசு வரவில்லை. து. செந்தில் பாபு தமிழ்க் கணித மரபைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டியது. கணக்கை யார் வைத்திருந்தார்கள், யாருடைய உழைப்பு அதில் அளக்கப்பட்டது என்று அவர் கேட்கிறார். அதைப் படித்த பிறகு எண்சுவடியை 'நம்ம பொற்காலம்' என்று மட்டும் பார்க்க முடியவில்லை. கோலைப் பிடித்து வரப்பில் நடந்தவர் ஒருவர், ஓலையில் எழுதியவர் வேறொருவர். நடந்தவருடைய பிள்ளை எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததில்லை. அந்தக் கணக்கில் நிலம் இருந்தது, நிலத்தில் வேலை செய்தவர்கள் கூலி என்ற எண்ணாக மட்டும் இருந்தார்கள். இன்றைய புத்தகத்தின் குறை வேறு. அதில் நிலமும் இல்லை, கூலியும் இல்லை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு விவசாயி மட்டும் இருக்கிறார்.

சரி, உண்மையான பண்ணையில் பெருக்கல் கணக்கு எங்கே முக்கியமாகிறது? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் வயலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர் என்பதால் 400-ஆல் பெருக்க வேண்டும். 12 கிலோ வந்தால் 4,800 கிலோ. நாலாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எடையில் ஒரு கிலோ கூடிப்போனால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். கயிறு கட்டிய இடம் வாய்க்கால் ஓரத்துச் செழிப்பான மூலையாக இருந்தால் அந்தச் செழிப்பும் 400-ஆல் பெருகும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதியின் விளைச்சல் குறைந்ததா இல்லையா, அங்கே இருப்பவர்களுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பரிசோதனைகளை வைத்து முடிவாகிறது. பெருக்கல் என்றால் பிழையையும் சேர்த்துப் பெருக்குவது என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். 'கயிறை எங்கே கட்டுவாய்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எங்கள் வடக்குப்பட்டில் நிலத்தின் கதை இன்னும் நீளம். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அவ்வளவு காலமாக இந்த மண்ணில் ஆள் இருக்கிறார்கள். ஏரிப் பாசனம், காணிக் கணக்கு. எங்கள் பக்கத்தில் குழி, மா என்பதைவிடக் காணிதான் பேச்சு. ஒரு காணிக்கு 24 மனை, ஒரு மனைக்கு 2,400 சதுர அடி. பெருக்கினால் 57,600. காணி என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. மனை தெரியும், அதை 'கிரவுண்டு' என்பார்கள். நெல்லுக்காக அளந்த அதே கோல் இப்போது பிளாட்டுக்கு அளக்கிறது. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் நிலத்தை வைத்துப் போட்ட மிகப் பெரிய பெருக்கல் கணக்கு சென்ட் எத்தனை, சென்ட்டுக்கு விலை எவ்வளவு என்பது. பலருக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போட்ட கணக்கு அது. பண்ணைக் கணக்கு என்று இதைப் புத்தகத்தில் யாரும் போடமாட்டார்கள்.

மகளின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஓவர்டைம் மணி எத்தனை, மணிக்கு எவ்வளவு, பிடித்தம் போக என்ன என்பது அந்த வீடுகளில் மாசாமாசம் பேசும் கணக்கு. அதையும் சேர்க்கலாம். பண்ணையை எடுத்துவிட்டுத் தொழிற்சாலையை வை என்று நான் சொல்லவில்லை. அப்படி மாற்றினால் 'ஒரு தொழிற்சாலையில் 24 வரிசைகளில் 18 எந்திரங்கள்' என்றுதான் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுக்கு மிச்சம் இருப்பது 30 சென்ட். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 66 அடிக்கு 198 அடி. ஒரு சங்கிலி அகலம், மூன்று சங்கிலி நீளம். (வெள்ளைக்காரன் அளவுச் சங்கிலி 66 அடி, பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சென்ட் கணக்கு இவ்வளவு அழகாக விழுவது அதனால்தான்.) போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, மகள், நான் மூணு பேரும் தென்னங்கயிறும் நாலு குச்சியும் எடுத்துக்கொண்டு போனோம். எத்தனை தென்னை நடலாம் என்பதுதான் கேள்வி.

நான் போனில் தட்டினேன். 13,068-ஐ 625-ஆல் வகுத்தால் 20.9. "இருபத்தியொண்ணு" என்றேன்.

மகள் கயிறைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அகலத்தில் எட்டடி ஓரம் விட்டு மூணு குச்சி, நீளத்தில் பதினொன்றரை அடி விட்டு எட்டுக் குச்சி. நோட்டில் படம் போட்டாள். "மூணெட்டு இருபத்திநாலு. அப்பா, உன் கணக்கு தப்பு."

அப்பா வரப்பில் நின்று அந்தப் பக்கம் பார்த்தார். அடுத்த நிலத்தில் இன்னும் நெல் வைக்கிறார்கள். "எட்டடியில நட்டா மட்ட முழுக்க அவங்க பயிரு மேல நெழலு உழும்மா. இருபதடியாவது உடணும். ரெண்டு வரிசதான் வரும். பதினாறு."

"ஆனா தாத்தா, அவங்க ஒத்துக்கிட்டா இருபத்திநாலு வருமில்ல?"

"ஒத்துக்கிட்டா வரும்."

"நான் போய்க் கேக்கட்டுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த நிலத்துக்காரருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. மகள் நோட்டில் 24-ஐ அடிக்கவில்லை. பக்கத்தில் 16 என்று எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.